முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர்: ராம்ஸ் செய்ததை எல்லா அணிகளும் செய்யலாமா?

மேற்குவாசல் கேட்டது:

அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டன. இன்னும் பிடிபடாமல் இருப்பது, ஒவ்வொரு ஜனவரியிலும் அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் விதம்தான். வழக்கமான பருவம் முடிந்த மறுநாளே, அதற்குக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே பெயராம், சிலர் வேலையிழக்கிறார்கள். காலியான இடங்களுக்கு அடிபடும் பெயர்களைப் பார்த்தால் ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன: முப்பதுகளில் இருப்பவர், தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக்குகளுடன் வேலை செய்தவர், தாக்குதல் ஆட்டத்தை வகுப்பதில் பெயரெடுத்தவர்.

இந்த மோகத்துக்கு வித்திட்டது லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி 2017 ஜனவரி 12 அன்று ஷான் மெக்வேயை நியமித்ததுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அன்று அவருக்கு 31 வயது நிறைய இன்னும் 12 நாட்கள் இருந்தன, என்.எஃப்.எல்.லின் நவீன வரலாற்றில் அவரைவிட இளையவர் யாரும் அந்தப் பொறுப்புக்கு வந்ததில்லை. அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி 4 வெற்றி, 12 தோல்வி என்று முடித்து, லீகிலேயே மிகக் குறைவாக 224 புள்ளிகள் எடுத்திருந்தது. அவர் வந்த முதல் பருவத்தில் 11 வெற்றி, 5 தோல்வி; 478 புள்ளிகளுடன் லீகிலேயே முதலிடம். புள்ளிக் கணக்கில் கடைசி இடத்திலிருந்து ஒரே ஆண்டில் முதலிடத்துக்கு ஓர் அணி வந்தது, சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி தொடங்கிய பிறகு அதுவே முதல் முறை.

எண்கள் மலைக்க வைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் 53 ஆட்டக்காரர்கள், தன்னைவிட வயதில் மூத்த பல உதவிப் பயிற்சியாளர்கள், தடுப்புப் பிரிவு, பந்தை உதைத்து ஆடும் சிறப்புப் பிரிவு, பத்திரிகையாளர் சந்திப்பு என அத்தனையையும், அதுவரை ஆட்டத்தின் தாக்குதல் பக்கத்தை மட்டுமே கவனித்து வந்த ஒருவரிடம் ஒப்படைப்பதை ஓர் உரிமையாளர் எப்படித் துணிந்து செய்கிறார்? வெற்றிக்குக் காரணம் இளமையா, தாக்குதல் அறிவா, அல்லது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத வேறொன்றா? நீண்ட நாள் பார்த்து வருபவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உரிமையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் மோகத்தைவிடக் கணக்கே அதிகம் என்பது என் கருத்து.

முதலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியைப் பாருங்கள். 2016இல் அங்கே தலைமைப் பயிற்சியாளர் டான் குவின், தடுப்பு ஆட்டத்தில் ஊறியவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷானஹன். அந்தப் பருவத்தில் ஃபால்கன்ஸ் 540 புள்ளிகள் எடுத்து லீகில் முதலிடம் பெற்றது. குவாட்டர்பேக் மேட் ரயன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். சூப்பர் பௌல் முடிந்த கையோடு ஷானஹன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அதே ரயன், அவர் வீசும் பந்தைப் பிடிக்க அதே ஜூலியோ ஜோன்ஸ் இருந்தும் 2017இல் அட்லாண்டா எடுத்தது 353 புள்ளிகள்தான். தடுப்பில் வல்லவர் ஒருவரைத் தலைமையில் அமர்த்தினால், தாக்குதலை வகுப்பவர் தோற்றாலும் அணிக்கு நட்டம், வென்றாலும் அடுத்த ஜனவரியில் வேறொரு அணி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற நட்டம். அவரையே தலைமையில் அமர்த்திவிட்டால் அந்தக் கவலை இல்லை. எத்தனை ஆண்டுகள் போனாலும் குவாட்டர்பேக்கின் காதில் ஒரே குரல் கேட்கும்.

இரண்டாவது காரணம் ஊதியம். 2011இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் புதிதாக வரும் ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைத்தது. புதியவர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாகும் குவாட்டர்பேக்கின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டுக்கும் நீட்டலாம். அந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் அவர் தேறிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல ஆட்களை வாங்கலாம். ஆகவே புதுக் குவாட்டர்பேக்கைச் சீக்கிரம் தேற்றக்கூடியவருக்குச் சந்தையில் விலை ஏறுகிறது. 2016 டிராஃப்டில் முதல் ஆளாக ராம்ஸ் எடுத்த ஜேரட் காஃப், மெக்வே வருவதற்கு முன் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றிருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

விதிகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. 1978இல் பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்று கட்டுப்படுத்தியதிலிருந்து, 2004இல் அந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தியது வரை, பந்தை வீசி ஆடும் ஆட்டத்துக்கே லீக் வழி விட்டுக்கொண்டிருக்கிறது. ராம்ஸ் அணிக்குக் கூடுதலாக ஒரு நெருக்கடி இருந்தது. 2016இல்தான் அது செயின்ட் லூயிஸை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பியிருந்தது. இங்கில்வுட்டில் புது அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு 14 புள்ளி எடுக்கிற அணியை வைத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்குக் குறைவே இல்லாத அந்த ஊரில் யாரிடம் டிக்கெட் விற்பது?

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்ன காரணங்களை மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் ‘ஏன் நியமிக்கிறார்கள்’ என்பதற்கான விடை. ‘நியமித்தால் சரிவருமா’ என்ற கேள்விக்குப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

இளவயதில் தலைமைக்கு வந்து நிலைத்தவர்கள் பலர் உண்டு. டான் ஷூலா 1963இல் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு வந்தபோது அவருக்கு 33. ஜான் மேடன் 1969இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு வந்தபோது 32. பில் கவ்வர் 1992இலும் மைக் டாம்லின் 2007இலும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பொறுப்பை ஏற்றபோது இருவருக்கும் 34. நால்வரும் சூப்பர் பௌல் வென்றவர்கள். ஆனால் இவர்கள் எந்தப் பிரிவிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ஷூலா டெட்ராய்ட்டின் தடுப்பு ஒருங்கிணைப்பாளர். மேடன் தடுப்பில் ஆடும் லைன்பேக்கர்களின் பயிற்சியாளர். கவ்வர் கேன்சஸ் சிட்டியின் தடுப்பைக் கவனித்தவர். டாம்லின் மினசோட்டாவில் ஒரே ஒரு பருவம் தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். தாக்குதல் பக்கமிருந்து இளமையிலேயே வந்து கோப்பை வரை போனவர் என்றால் 1998இல் 34 வயதில் ரெய்டர்ஸுக்கு வந்த ஜான் குரூடனைச் சொல்லலாம். அவரும் கோப்பையை வென்றது டாம்பா பே போன பிறகுதான்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2007இல் லேன் கிஃபின் 31 வயதில் ரெய்டர்ஸுக்கு வந்தார். இருபது ஆட்டங்களில் ஐந்து வெற்றி; 2008 செப்டம்பர் முடிவதற்குள் வேலை போயிற்று. உரிமையாளர் அல் டேவிஸ் ஓவர்ஹெட் புரொஜெக்டரை வைத்துத் தன் கடிதத்தைத் திரையில் காட்டி, ஏன் நீக்கினேன் என்று பத்திரிகையாளர்களுக்குப் பாடம் நடத்திய காட்சியை மறக்க முடியாது. 2009இல் ஜோஷ் மெக்டேனியல்ஸ் 32 வயதில் டென்வர் பிராங்கோஸுக்கு வந்தார். வந்த சூட்டோடு குவாட்டர்பேக் ஜே கட்லருடன் மனக்கசப்பு. ஏப்ரலில் கட்லர் சிகாகோவுக்கு விற்கப்பட்டார். முதல் ஆறு ஆட்டங்களிலும் வென்றபோது ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பிறகு ஆடிய 22 ஆட்டங்களில் 17 தோல்வி. 2010 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நியூ இங்கிலாந்தில் தாக்குதலை வகுத்தபோது அவரிடம் இருந்த திறமை டென்வருக்கு வரும் வழியில் காணாமல் போய்விடவில்லை. நன்றாகச் சமைக்கிறார் என்பதற்காகக் கல்யாணத்தையே நடத்தித் தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்கள், சிக்கல் அங்கேதான்.

மெக்வே வென்ற பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 2019 ஜனவரியில் அரிசோனா கார்டினல்ஸ் அணி கிளிஃப் கிங்ஸ்பரியை நியமித்தது. டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 35 வெற்றி, 40 தோல்வி என்ற கணக்குடன் அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் அவரை நீக்கியிருந்தார்கள். நியமன அறிவிப்பில், அவர் மெக்வேயின் நண்பர் என்பதையும் ஒரு தகுதிபோல அணியே எழுதியிருந்தது! நான்கு பருவங்களில் 28 வெற்றி, 37 தோல்வி, ஒரு சமன். 2022 மார்ச்சில் அவருடைய ஒப்பந்தத்தை 2027 வரை நீட்டித்துவிட்டு, அடுத்த ஜனவரியிலேயே நீக்கினார்கள். எஞ்சிய ஆண்டுகளின் ஊதியத்தைக் கணக்குப்பிள்ளை எந்தப் பத்தியில் எழுதுவார் என்று தெரியவில்லை.

நான்காம்_டவுன் எழுதியது:

பஞ்சாங்கம் ஐயாவின் பட்டியல் சரியானதே. ஆனால் தோற்றவர்கள் எல்லோரும் இளமையால் தோற்றார்கள் என்றோ, மெக்வே தன் தாக்குதல் அறிவால் மட்டும் வென்றார் என்றோ கொண்டால் இரண்டுமே பிழையாகும். 2017இல் ராம்ஸ் உண்மையில் என்ன செய்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மெக்வே பதவியேற்றதும் தடுப்புப் பிரிவுக்கு வேட் ஃபிலிப்ஸை அழைத்து வந்தார். ஃபிலிப்ஸுக்கு அப்போது 69 வயது; டென்வர், பஃபலோ, டல்லஸ் ஆகிய அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்; அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய தடுப்பு ஆட்டத்தின் பலத்தில் டென்வர் 50ஆவது சூப்பர் பௌலை வென்றிருந்தது. இப்படி ஒருவர் வந்ததும், நட்சத்திர ஆட்டக்காரர் ஆரன் டானல்ட் இருந்த அந்தப் பிரிவைப் பற்றி மெக்வே பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லாமல் போயிற்று. அடுத்து, மார்ச்சில் சின்சினாட்டியிலிருந்து 35 வயது ஆண்ட்ரூ விட்வொர்த்தை, குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் இடப்பக்கத்துக்கு வாங்கினார்கள். மெக்வே முன்பு வேலை செய்த வாஷிங்டன் அணியில் அவருடைய முறையை நன்கு தெரிந்துகொண்டிருந்த, முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஜான் சலிவனும் வந்தார். பந்தைப் பிடிக்க ராபர்ட் வுட்ஸ், சாமி வாட்கின்ஸ், டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் கூப்பர் கப். ஏழு ஆட்டங்களில் அடி வாங்கியே சோர்ந்திருந்த காஃபுக்கு, மேதைமை எதுவும் சொல்லித் தருவதற்கு முன், நிமிர்ந்து நின்று வீச நேரம் கிடைத்தது.

மேதைமையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் பேசுவதை, கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது லீக் துண்டித்துவிடும். மெக்வே தன் ஆட்களை விரைவாக, பிளே தொடங்கும் கோட்டுக்கு வரவைத்துவிடுவார். எதிரணியின் தடுப்பு எப்படி நிற்கிறது என்பதை ஓரத்திலிருந்து அவரே பார்த்து, தொடர்பு அறுபடுவதற்குள் காஃபின் காதில் சொல்லிவிடுவார். இரண்டாம் ஆண்டே பழகும் ஒரு குவாட்டர்பேக்குக்கு இது எவ்வளவு பெரிய சுமைக் குறைப்பு என்று எண்ணிப் பாருங்கள். அத்துடன், ஒரே வரிசை அமைப்பிலிருந்து ஓட்டத்தையும் வீச்சையும் மாற்றி மாற்றிக் காட்டியதால் எதிரணிக்கு முன்கூட்டியே ஊகிக்க வழியில்லை. 2018 நவம்பரில் கேன்சஸ் சிட்டியை 54-51 என்று வென்றார்களே, இரு அணிகளும் 50 புள்ளிகளைத் தாண்டிய முதல் என்.எஃப்.எல். ஆட்டம் அதுதான்.

பிறகு அந்த மேதைமைக்கும் எல்லை தெரிந்தது. அதே டிசம்பரில் விக் ஃபாஞ்சியோவின் தடுப்பை வைத்துச் சிகாகோ 15-6 என்று ராம்ஸை மடக்கியது. 2019 பிப்ரவரியில் நடந்த 53ஆவது சூப்பர் பௌலில், ஆறு பேரை முன்வரிசையில் நிறுத்தும் அமைப்பை நியூ இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக் எடுத்தாண்டார்; ராம்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி. 33 வயதுக்காரரை 66 வயதுக்காரர் கட்டிப்போட்ட நாள் அது. மெக்வே மீண்டு வந்ததற்குக் காரணம் புதிய பிளே எதுவுமல்ல. 2021இல் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து டெட்ராய்ட்டிலிருந்து மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கினார். 2022 பிப்ரவரியில் சின்சினாட்டியை 23-20 என்று வென்று, 36 வயதில் சூப்பர் பௌல் வென்ற மிக இளைய தலைமைப் பயிற்சியாளரானார். தோற்ற அணியின் தலைமையில் இருந்தவர் சாக் டெய்லர், மெக்வேயிடம் குவாட்டர்பேக்குகளைக் கவனித்து வந்தவர். டெய்லரின் முதல் பருவம் 2 வெற்றி, 14 தோல்வி. பொறுமையில்லாத உரிமையாளராக இருந்திருந்தால் அந்த சூப்பர் பௌலுக்கு அவர் வந்தே இருக்க மாட்டார்.

தலைமைப் பயிற்சியாளரின் வேலை வேறு, பிளே வகுப்பவரின் வேலை வேறு என்பதற்கு 2022 செப்டம்பர் 12ஐப் போல இன்னொரு சான்று எனக்குத் தெரியாது. டென்வரின் புதிய பயிற்சியாளர் நதானியேல் ஹாக்கெட்டுக்கு சியாட்டிலில் முதல் ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள், 17-16. நான்காவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி; தேவை ஐந்து யார்டு, பந்து சியாட்டிலின் 46 யார்டு கோட்டில். கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம். கையில், கடிகாரத்தை நிறுத்த மூன்று டைம்அவுட். களத்தில், சில நாட்களுக்கு முன்புதான் 24.5 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்ட குவாட்டர்பேக் ரஸல் வில்சன். ஹாக்கெட் நின்றுகொண்டே இருந்தார். நேரம் ஓடி 20 விநாடிக்கு வந்தது. தொலைக்காட்சியில் ஆட்டத்தை விவரித்துக்கொண்டிருந்த முன்னாள் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் தாங்க முடியாமல் தானே கைகளால் டைம்அவுட் சைகை காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வில்சனை வெளியே எடுத்துவிட்டு 64 யார்டிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்குப் போனார்கள். பந்து இடப்பக்கம் விலகிப் போயிற்று. அடுத்த வாரம் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் பிளே கடிகாரத்தை உரக்க எண்ணிக் காட்டினார்கள். நேரத்தைக் கவனித்துச் சொல்வதற்கென்றே ஓய்வு பெற்றிருந்த ஜெர்ரி ராஸ்பர்க்கைப் பருவத்தின் நடுவில் அழைத்து வந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு அணி 51-14 என்று டென்வரை அடித்து நொறுக்க, மறுநாள் ஹாக்கெட் நீக்கப்பட்டார். அடித்த அணி மெக்வேயின் ராம்ஸ்.

ஹாக்கெட் கிரீன் பே அணியில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தாலும், ஆட்ட நாளில் பிளேக்களை அழைத்தவர், அதாவது எதை ஆடுவது என்று சொன்னவர், அங்கே தலைமைப் பயிற்சியாளர் மேட் லஃப்ளூர்தான். அதே காரணத்தைச் சொல்லி மினசோட்டாவின் கெவின் ஓ’கானலையும் நிராகரித்திருக்கலாம். ராம்ஸில் அவர் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது பிளே அழைத்தவர் மெக்வே. ஆனால் ஓ’கானல் 36 வயதில் வந்து முதல் பருவத்திலேயே 13 வெற்றி பெற்றார். ஆகவே முன்பு பிளே அழைத்தாரா இல்லையா என்பதும் நம்பத்தக்க அளவுகோல் இல்லை.

மேற்குவாசல் எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சியாட்டில் ஆட்டத்தின் அந்தக் கடைசி நிமிடத்தைத் தேடிப் பார்த்தேன். படித்ததைவிடப் பார்க்கும்போது இன்னும் சங்கடமாக இருந்தது. ஓர் ஐயம் மட்டும் மிச்சம். நேரத்தைக் கவனிக்கத் தவறுவது அனுபவமின்மையால் வருவது என்றால், தடுப்புப் பிரிவிலிருந்து வந்த மூத்தவர்கள் அந்தத் தவற்றைச் செய்வதில்லையா? மேலும், எல்லா அணிகளும் தாக்குதல் பக்கமே தேடினால், மற்ற பக்கத்தில் இருக்கும் நல்லவர்கள் என்ன ஆகிறார்கள்?

தென்றல் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒருவருடைய கதையே விடையாக இருக்கிறது. மெக்வேயை மூன்று புள்ளிகளில் அடக்கிய அந்த சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தின் தடுப்பு ஆட்டங்களை அழைத்தவர் பிரையன் ஃபுளோரஸ். வயது 37. மறுநாளே மயாமி டால்ஃபின்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2020இல் 10 வெற்றி, 6 தோல்வி. 2021இல் 9 வெற்றி, 8 தோல்வி. அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் தோல்வியைவிட வெற்றியே அதிகம், இருந்தும் நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் மைக் மெக்டேனியல், 38 வயது, ஷானஹனிடம் பழகிய தாக்குதல் நிபுணர். அவருடைய முதல் இரண்டு பருவங்களிலும் மயாமி, பருவத்துக்குப் பின் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போயிற்று என்பதால் தேர்வைத் தவறென்று சொல்லிவிடவும் முடியாது.

நான் கவலைப்படுவது வேறு. தலைமைப் பதவிக்குச் சிறுபான்மையினத்தவரையும் நேர்காண வேண்டும் என்று லீக் 2003இல் கொண்டுவந்த விதிக்கு ரூனி விதி என்று பெயர். களத்தில் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆனால் குவாட்டர்பேக்குகளின் பயிற்சியாளர், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆகிய படிகளில் அவர்கள் நெடுங்காலமாகவே குறைவு. தலைமைக்குப் போகும் ஏணியை அந்தப் படிகளில் மட்டும் சாத்தி வைத்தால், நேர்காணல் விதி எத்தனை இருந்தாலும் மேலே வருபவர்கள் யார் என்பது கீழேயே முடிவாகிவிடுகிறது. ஃபுளோரஸ் 2022 பிப்ரவரியில் லீக் மீதே வழக்குத் தொடர்ந்ததற்கும் இந்தப் புழுக்கமே பின்னணி. மேலே கேட்ட ‘யாரை நியமிக்கலாம்’ என்ற கேள்விக்கு இது தொடர்பில்லாதது போலத் தோன்றலாம். ஆனால் டாம்லின் போன்ற ஒருவர், பத்தொன்பது பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்வி மிகுதியாக முடிக்காதவர், இன்று 34 வயதில், ஒரே ஆண்டுத் தடுப்பு அனுபவத்துடன் வந்து நின்றால் அவரை எத்தனை அணிகள் உள்ளே அழைக்கும்?

ஹூஸ்டன் அழைத்தது. 2023இல் டெமேக்கோ ரயன்ஸ் வந்தார்; லைன்பேக்கராக ஆடியவர், தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். கூடவே புதுக் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட். மூன்றே வெற்றியுடன் முடித்த அணி 10 வெற்றி, 7 தோல்விக்கு வந்தது. குவாட்டர்பேக்கைத் தேற்றத் தாக்குதல் பயிற்சியாளர்தான் தலைமையில் இருக்க வேண்டும் என்பது விதியல்ல.

நான்காம்_டவுன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மூத்தவர்களும் செய்வார்கள். 2024 நவம்பர் 28, நன்றி நவிலல் நாள். டெட்ராய்ட்டில் சிகாகோ பேர்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் வீழ்த்தப்பட்டபோது அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல் மிச்சம்; கையில் ஒரு டைம்அவுட். தடுப்பு ஆட்டத்திலேயே வளர்ந்து ஐம்பதைக் கடந்த மேட் எபர்ஃப்ளஸ் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஆட்கள் குழம்பி வரிசையில் நிற்பதற்குள் நேரம் கரைந்து, ஒரே ஒரு வீச்சோடு ஆட்டம் முடிந்தது, 23-20. மறுநாள் அவரை நீக்கினார்கள். பேர்ஸ் தன் வரலாற்றில் பருவத்தின் நடுவில் ஒரு தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் முறை.

அதற்குப் பிறகு பேர்ஸ் செய்ததுதான் உங்கள் மூலக் கேள்விக்கு நெருங்கிய விடை. 2025 ஜனவரியில் டெட்ராய்ட்டின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பென் ஜான்சனை நியமித்தார்கள், வயது 38. ராம்ஸ் கைவிட்ட காஃபை மறுபடி எழுப்பி நிறுத்தியவர். ஜான்சனின் பெயர் மட்டும் தலைப்புச் செய்தியாயிற்று. என் கண்ணில் பட்டது மற்றவை. நியூ ஆர்லியன்ஸில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் ஆலனைத் தடுப்புக்கு அழைத்தார்கள். 2024இல் 68 முறை வீழ்த்தப்பட்ட வில்லியம்ஸைக் காக்க ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டுரூ டால்மன் என முன்வரிசையின் நடுப்பகுதியையே புதிதாக வாங்கினார்கள். 2017இல் ஃபிலிப்ஸும் விட்வொர்த்தும் சலிவனும் வந்ததை அப்படியே பார்த்து எழுதியது போல இருந்தது. 5 வெற்றி, 12 தோல்வியாக இருந்த அணி 2025இல் 11 வெற்றி பெற்று, லீகில் தான் இடம்பெற்ற நான்கு அணிப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

எனவே, நேர்காணல் அறையில் நான் இருந்தால் புது பிளேக்களை வரைந்து காட்டச் சொல்ல மாட்டேன். அதை எல்லோருமே அழகாக வரைவார்கள். தடுப்பை யாரிடம் கொடுப்பீர்கள், அவர் ஒப்புக்கொண்டுவிட்டாரா. நீங்கள் அடுத்த பிளேயை எண்ணிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கப்போவது யார், அவர் சொன்னால் கேட்பீர்களா. இந்த இரண்டையும் கேட்பேன்.

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

பேர்ஸ் நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் அதே ஊரில் 2018இல் மேட் நாகி வந்ததை மறந்துவிட வேண்டாம். 39 வயது, கேன்சஸ் சிட்டியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். முதல் பருவத்தில் 12 வெற்றி, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. மெக்வேயை மடக்கியதாக நீங்கள் மேலே குறிப்பிட்ட ஃபாஞ்சியோதான் நாகியின் தடுப்பு ஒருங்கிணைப்பாளர். பருவம் முடிந்ததும் டென்வர் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. சிகாகோ 2019இல் 8 வெற்றி, 8 தோல்விக்கு இறங்கியது. 2021 பருவம் முடிந்ததும் நாகியையும் அனுப்பிவிட்டார்கள். தாக்குதல் வகுப்பவரைத் தலைமையில் வைத்தால் ஆள் பறிபோகாது என்று கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கு, தடுப்புப் பக்கத்தில் அப்படியே திரும்பி அடிக்கிறது. ஆகவே நேர்காணல் அறையில் நான்காம்_டவுனுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இருக்கை கிடைத்தால் மூன்றாவதாக ஒன்று கேட்பேன்: உங்கள் தடுப்பு ஒருங்கிணைப்பாளரை அடுத்த ஜனவரியில் வேறோர் அணி அழைத்துக்கொண்டால், அந்த இடத்துக்கு யாரை வைத்திருக்கிறீர்கள்?